மூக்கின் மேல் விரல்

செப்டம்பர் 2, திங்கள்

குழந்தைக் காப்பகத்துக்கு மன்றம் கொடுத்திருக்கும் நோட்டில் ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு நான்கு வரி. வந்த நேரம், சாப்பிட்டது, தூங்கியது, குறிப்பு. இன்றைய குறிப்பு அதில் அடங்கவில்லை. அதனால் என் சொந்த நோட்டை எடுத்திருக்கிறேன்.

ரிதன்யாவுக்கு இன்று இரண்டு வயது. ஒன்பது மாதத்திலிருந்து பகலெல்லாம் என்னிடம் இருக்கிறாள். காலையில் அவள் அப்பா லோகு பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டுச் சாயப்பட்டறைக்குப் போவான். மாலையில் அம்மா பிருந்தா, துண்டு தைக்கும் கம்பெனியின் வேனிலிருந்து சந்து முனையில் இறங்கி வந்து கூட்டிப்போவாள். இன்று பிறந்தநாள் என்பதால் காலையிலும் பிருந்தாவே வந்தாள். 8.10க்கு வந்தவள் மிட்டாய் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அக்கா, ரிது இங்க ஏதாச்சும் பேசறாளா?"

"பேசாம? வாய் ஓயறதே இல்ல."

"வீட்டுல ஒரு வார்த்தை வர்றதில்லக்கா. அழுவறா, சிரிக்கறா, அதெல்லாம் சத்தமாத்தான். பேச்சு மட்டும் இல்ல."

தண்ணி, பால், நாய், இன்னும் வேணும், போ. ஐந்தையும் விரல் விட்டுச் சொன்னேன். ஆறாவது அப்பா. அதுதான் அதிகம். மாலையானால் வாசலுக்குப் போய் நின்றுகொண்டு அதையே சொல்லுவாள்.

"அம்மான்னு?"

"அப்பான்னுதான் கண்ணு."

சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் இல்லாததை எப்படிச் சொல்ல? பிருந்தா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேகமாகப் போனாள்.

செப்டம்பர் 5, வியாழன்

முட்டை நான்கு வந்தது, ஒன்று விரிசல். குக்கரில் பருப்பு மறுபடியும் அடிப்பிடித்தது. விசில் சரியாக வருவதில்லை. போன மாதம்தான் வாஷர் மாற்றினேன்.

செப்டம்பர் 9, திங்கள்

மெர்சி மேடம் வந்தார். எங்கள் வீட்டையும் சேர்த்து ஊரில் ஒன்பது வீடுகளை உழைக்கும் பெண்கள் மன்றம் குழந்தைக் காப்பகமாக நடத்த உதவுகிறது. பாய், தொட்டில், முட்டை, மாதம் ஒரு பயிற்சி எல்லாம் அவர்களுடையவை. ஒன்பது வீட்டையும் வாரம் ஒருமுறை வந்து பார்ப்பவர் மெர்சி மேடம். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். இருபத்தாறு வருஷம் விசைத்தறி ஓட்டி முழங்கால் போன பிறகு எனக்குக் கிடைத்த வேலை இது. இதை விட எனக்கு மனமில்லை.

இரட்டையர் ஆதவும் ஆதிரையும் தொட்டில்களில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஏழு மாதம். தொட்டில் ஒன்றுக்கு ஒரு தறி நூல் கட்டி, மறுமுனையை என் இடது மணிக்கட்டில் சுற்றியிருப்பேன். அடுப்படியில் நின்றாலும் குழந்தை புரண்டால் கையில் தெரிந்துவிடும். மெர்சி மேடம் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

"சூப்பர் ஐடியாக்கா. அடுத்த பயிற்சில காட்டறேன்."

பிறகு இரண்டு வயதுக் குழந்தைக்கான படிவத்தை எடுத்தார். கேள்வி பதினொன்று, குழந்தை இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறதா? ஆம் என்றேன். ரிது அப்போதுதான் என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "பால் வேணும்" என்றாள்.

"கேட்டீங்களா?" என்றேன்.

"எதையக்கா?"

போனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். இந்தக் காலத்தில் எல்லோருக்கும் கவனம் போனில்தான். பிருந்தாவுக்கும் அதுதான் கோளாறு என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 18, புதன்

எங்கள் வீடு அமைதியானது என்று மெர்சி மேடம் படிவத்தில் எழுதியிருந்தார். உண்மைதான். இரட்டையர் தூங்கும்போது யாரும் குரல் எழுப்பக் கூடாது. நான் இன்னொரு குழந்தையான சுபிக்‌ஷாவிடமும் ரிதுவிடமும் வாய்ச்சாடையில்தான் பேசுவேன். தறிப்பட்டறையில் பழகியது. முப்பத்திரண்டு தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் காதில் விழாது. உதட்டைப் பெரிதாக அசைத்தால் போதும், நாலு தறி தள்ளி நிற்பவளுக்கும் விளங்கிவிடும். குழம்பு என்ன வைத்தாய் என்பதிலிருந்து மாமியார் சண்டை வரை அப்படித்தான் பேசினோம். என் வீட்டுக்காரர் மாதேஸ்வரனும் தறி ஃபிட்டர். நாங்கள் இருவரும் வீட்டிலும் அப்படியே பேசிக்கொள்வோம்.

ஆனால் சில சொற்களுக்கு உதடு போதாது. அப்பாவும் அம்மாவும் உதட்டில் ஒன்றுபோலவே இருக்கும். மேஸ்திரி ஒருமுறை தூரத்திலிருந்து சொன்னதை அப்பா என்று படித்துவிட்டு, கூடத் தறி ஓட்டிய ராசாமணி தன் அப்பா வேலை பார்த்த பவானிக்கு பஸ் ஏறினாள். விழுந்து கிடந்தது அம்மா, அந்தியூரில். அதற்குப் பிறகு அப்பா என்றால் மீசையை முறுக்குவது, அம்மா என்றால் மூக்குத்தியைத் தொடுவது என்று பட்டறையில் வழக்கமாகிவிட்டது. மூக்குத்தி இல்லாதவளும் மூக்கைத் தொடுவாள்.

இதை எழுத ஆரம்பித்தது வேறு எதற்கோ. ரிது இன்று இட்லி மூன்று சாப்பிட்டாள்.

செப்டம்பர் 26, வியாழன்

மாலை 6.20. ரிது வாசலில் போய் நின்று, அப்பா, அப்பா என்றாள். பைக்கை எதிர்பார்க்கிறாள் போல. பாவம், வந்தது பிருந்தாதான். அவளிடம் இதைச் சொல்லவில்லை. மன்ற நோட்டில் மட்டும் எழுதினேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

பிருந்தா இன்று அரை நாள் லீவு போட்டு, ரிதுவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். அங்கே நர்ஸ் முக்கால் மணி நேரம் பொம்மை காட்டி, பெயர் கேட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு சொல்லும் வரவில்லையாம். மாவட்ட மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டே என் வீட்டுக்குள் வந்தாள்.

"பேசறா பேசறான்னு சொன்னீங்களே. எங்கக்கா பேசறா?"

"எங்கிட்டப் பேசறாளே. சத்தியமாப் பேசறா."

"அப்ப நர்ஸம்மா பொய் சொல்றாங்களா? நானு பொய் சொல்றனா?"

"புது ஆளைப் பார்த்தா வாயை மூடிக்குவா. நீ வீட்டுக்குப் போனா போனைப் பாக்கற. புள்ள மூஞ்சியப் பாரு, தானா பேசுவா."

அவள் முகம் சிவந்தது. "பத்து மணி நேரம் மெஷின்ல உக்காந்துட்டு வந்து சோறாக்கி, துணி தொவைச்சு, அவளைத் தூங்க வைக்கறதுக்குள்ள எட்டரை. போனு எங்கிருந்து பாக்கறது? தீபாவளி போனஸோட வேலைய விட்டு நின்னுக்கறனுங்க. நானே வெச்சுப் பாத்துக்கறேன். உங்க காப்பகமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

ரிது என் சேலையைப் பிடித்து இழுத்து, முகத்தைத் திருப்பி, "தண்ணி" என்றாள். "இதா, இதா சொல்றா பாரு!" என்றேன். பிருந்தா குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு விளங்கவில்லை. எனக்குப் பைத்தியமோ என்று பார்ப்பதுபோல இருந்தது.

அக்டோபர் 3, வியாழன்

மெர்சி மேடம் போன் செய்தார். அவர் குரல் எப்போதும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். போனை வீட்டுக்காரரிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி வாய்ச்சாடையில் சொன்னார். பிருந்தா மன்றத்தில் புகார் சொல்லியிருக்கிறாள். இரண்டு வயதுப் படிவத்தில் நான் தப்பாகச் சொல்லியிருந்தால், இந்த வீட்டைத் தொடர்வதா என்று கமிட்டியில் பேசுவார்கள்.

தப்பாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

பக்கத்து வீட்டு ஆசிரியர் வந்து, டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். நாங்கள் வைத்திருந்தது சாதாரணச் சத்தம்தான்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. தறிகளுக்குப் பொட்டு வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். குழந்தைகள் வரவில்லை. பொரி வாங்கிவந்த ராசாமணி வாசலில் நின்று, "ஊரே அடங்கிப் போச்சு பாரு. காதுல அடைப்பு எடுத்த மாதிரி இருக்குது" என்றாள். அவளும் பதினைந்து வருஷம் என்னோடு தறி ஓட்டியவள்தான்.

வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். எங்கள் தெருவில் மட்டும் நான்கு பட்டறை. எனக்கு நேற்றுக்கும் இன்றைக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன். அர்த்தம் பிறகு.

காலை 10.40க்கு மெர்சி மேடம் வந்தார். ஒரு மணி நேரம் ஒன்றும் சொல்லாமல் சுவரோரம் உட்கார்ந்து, ரிது என்னிடம் வரும்போதெல்லாம் போனில் படம் எடுத்தார். பிறகு என்னை எதிரே உட்கார வைத்து ஒரு வீடியோவைக் காட்டினார். ரிது காலித் தட்டோடு நிற்கிறாள்.

"என்ன சொல்றாக்கா?"

"இன்னும் வேணுங்கறா. நல்லாத்தானே சொல்றா."

"சரி. இப்பக் கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க."

மூடினேன். அவர் இன்னும் வீடியோவை ஓடவிடவில்லை என்று நினைத்தேன். கண் திறந்தபோது ஓடி முடிந்திருந்தது. மறுபடி மூடினேன். மறுபடியும் ஒன்றுமில்லை. போனில் கோளாறா என்று கேட்டேன். இல்லையாம். மூன்றாவது முறை மூடிக்கொண்டு, அவராக ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் நானே திறந்தேன். மெர்சி மேடத்தின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

"ஆறு தடவை கூப்பிட்டேன்க்கா," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

கலர் பென்சிலோடு பக்கத்தில் இருந்த சுபிக்‌ஷா, நான்கு வயது, தலையைத் தூக்கிச் சொன்னாள்: "ரிதுக்குச் சத்தம் வராதுங்கத்தே. வாய் மட்டுந்தான்."

"அதை ஏன் சாமி எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னனே. நீங்க அந்தப் பக்கம் திரும்பி இருந்தீங்க."

அக்டோபர் 16, புதன்

குக்கர் வாஷரில் கோளாறு இல்லை.

அக்டோபர் 18, வெள்ளி

நான்கு குழந்தைகளையும் இந்த மாதம் முடியும்வரை வேறு வீடுகளுக்குப் பிரித்து அனுப்பியிருக்கிறார்கள். தொட்டில் இரண்டும் சும்மா தொங்குகின்றன. நூலை அவிழ்த்து ஆணியில் மாட்டினேன்.

கெட்டிக்காரத்தனம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது இந்த நூல். கொரோனா நேரத்தில் எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டபோது, யார் பேசுவதும் எனக்கு விளங்கவில்லை. துணிக்குள்ளிருந்து பேசினால் யாருக்குத்தான் விளங்கும் என்று அப்போது நினைத்தேன். இரட்டையர் எத்தனை முறை புரளாமல் படுத்தபடியே அழுதிருப்பார்கள்? எந்த நோட்டிலும் அது இல்லை.

ரிது என்னிடம் குரலோடு பேசிப் பார்த்திருப்பாளா, ஆரம்பத்தில்? பேசி, நான் திரும்பாமல், பிறகு முகத்துக்கு நேரே வந்து உதட்டை அசைத்தபோது பால் கிடைத்திருக்கிறது. அவ்வளவுதான் அவள் கற்றுக்கொண்டது. நான்தான் கற்றுக்கொடுத்தேனா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் வேறு பக்கம் பார்த்தார். பதில் சொன்னாரா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

மாவட்ட மருத்துவமனை. காது சோதிக்கும் கண்ணாடி அறைக்குள் முதலில் ரிது, பிறகு நான், பிறகு என் வீட்டுக்காரர். ரிதுவின் காதில் ஒரு குறையும் இல்லை. என் தாளில் கேட்கும் அளவைக் காட்டும் கோடு படி இறங்குவதுபோல இறங்கியது. அவருடையதும் இறங்கியது, ஆனால் என்னுடையதைவிட மேலே. டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"எத்தனை வருஷம் தறி ஓட்டுனீங்க?"

பேச்சுப் பயிற்சி தரும் பெண் ரிதுவை மடியில் வைத்துக்கொண்டு, அவள் விரலைத் தன் தொண்டையில் வைத்து "ஆ" என்றார். பிறகு மூக்கின் பக்கத்தில் வைத்து "ம்" என்றார். "அதிர்றது அவளுக்குப் புடிக்கணும். சத்தம் ஒரு விளையாட்டுன்னு தெரிஞ்சா போதும், வந்துரும். அவசரப்படாதீங்க." பிருந்தாவுக்கும் காட்டினார், எனக்கும் காட்டினார்.

திரும்பும் பஸ்ஸில் பிருந்தா மூன்று பேர் இருக்கையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நடுவில் ரிது தூங்கினாள். பவானி வரும்வரை பிருந்தா ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். ஏதாவது பேசினாளா என்று எனக்குத் தெரியாது.

அக்டோபர் 26, சனி

மன்றக் கூட்டம். என்னை முன்வரிசையில் உட்கார வைத்து, பேசுபவர்கள் என் பக்கம் திரும்பிப் பேச வேண்டும் என்று மெர்சி மேடம் சொல்லிவிட்டார். கூட்டம் எனக்கு முழுதாக விளங்கியது பல வருஷங்களில் இதுதான் முதல் தடவை. மற்ற கூட்டங்களில் எதற்கெல்லாம் தலையாட்டினேனோ.

ஒன்பது வீட்டுக்காரிகளில் ஏழு பேர் தறி ஓட்டியவர்கள். எங்களை வேலைக்கு எடுத்தபோது கண், சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்தார்கள். காது பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. "தப்பு எங்க பேர்லயும் இருக்குதுக்கா" என்றார் மெர்சி மேடம். ஏழு பேருக்கும் காது சோதனை. எனக்குக் காது மிஷினுக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். வர ஆறு வாரம் ஆகுமாம். அதுவரை, அதற்குப் பிறகும், காது கேட்கும் ஒரு பெண் பகல் முழுக்க என்னோடு இருந்தால் வீட்டைத் திறக்கலாம். சுபிக்‌ஷாவின் சித்தி மைதிலி வருகிறேன் என்றாள். ரிதுவை அனுப்புவதா வேண்டாமா என்பதைப் பிருந்தாதான் முடிவு செய்ய வேண்டும். அவள் கூட்டத்துக்கு வரவில்லை.

நவம்பர் 4, திங்கள்

தீபாவளி கழிந்து வீட்டைத் திறந்தோம். இரட்டையர் 7.50. சுபிக்‌ஷா 8.00. 8.10க்கு வாசலில் யாரும் இல்லை. 8.25க்குப் பிருந்தா வந்தாள், இடுப்பில் ரிது.

"கம்பெனில நின்னுக்கறேன்னு சொல்லலியா?" என்று கேட்டேன்.

"இன்னும் சொல்லலிங்க." என் முகத்துக்கு நேரே நின்று, மெதுவாக உதட்டை அசைத்துச் சொன்னாள். இவள் இப்படிப் பேசுவது புதிது. "இந்த மாசம் முப்பது வரைக்கும் பாக்கறேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சத்தமா வரட்டும். வரலீன்னா நின்னுக்குவேன். அப்பறம் என்னைக் கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்க எனக்கு என்ன கண்ணு பாத்தியதை இருக்குது?"

"இருக்குது. என்னை விட உங்ககிட்டத்தானே அதிக நேரம் இருந்தா." அதைக் குத்தலாகச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா? உதட்டைப் படித்தால் சொல் தெரிகிறது. தொனி தெரிவதில்லை. இத்தனை வருஷமும் அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

நவம்பர் 8, வெள்ளி

வாய்ச்சாடையை வீட்டில் அடியோடு நிறுத்தியாயிற்று. ரிது உதட்டை அசைத்தால் நான் புரியாததுபோல இருக்க வேண்டும் என்பது பயிற்சிப் பெண்ணின் கட்டளை. இன்று அவள் "தண்ணி, தண்ணி" என்று ஏழு முறை அசைத்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதாள். மைதிலி தண்ணீர் கொடுத்தாள். இதைவிடக் கடினமான வேலை பட்டறையில்கூடச் செய்ததில்லை.

நவம்பர் 13, புதன்

"ஆ" வந்ததாம். மைதிலி சொன்னாள். தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தேன். வந்தது. ஆனால் அது சொல் ஆகாது.

நவம்பர் 16, சனி

இரட்டையர் தூங்கும்போது யாரும் அமைதியாக இருக்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அவர்கள் பாட்டுக்குத் தூங்குகிறார்கள்.

நவம்பர் 20, புதன்

மாலை 6.20. மைதிலி கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் மன்ற நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். ரிது வாசலுக்குப் போய் நின்றாள். சந்து முனைப் பக்கம் பார்த்து உதட்டை அசைத்தாள். கை பழக்கத்தில் நோட்டில் எழுதிவிட்டேன்: ‘6.20. அப்பா என்றாள்.’

எழுதி முடிப்பதற்குள் திரும்பி வந்து, என் வலது ஆள்காட்டி விரலைப் பிடித்து இழுத்தாள். விளையாட்டுக்கு என்று நினைத்துக் குனிந்தேன். விரலைத் தன் மூக்கின் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடியும் அதையே சொன்னாள்.

விரல் அதிர்ந்தது.

ஓடுகிற தறியின் சட்டத்தில் கை வைத்தால் தெரியும் அதிர்வு. இருபத்தாறு வருஷம் அதை வைத்துத்தான் எந்தத் தறி சரியாக ஓடுகிறது என்று கண்டுபிடித்தேன். அந்த அதிர்வில் தப்பு வராது. ஆனாலும் என் மூக்கில் என் விரலை வைத்து, "அப்பா" என்று சொல்லிப் பார்த்தேன். விரலில் ஒன்றும் தெரியவில்லை. "அம்மா" என்றேன். அதிர்ந்தது. மறுபடி அவள் மூக்கில் வைத்தேன். அவள் சொன்னாள். அதிர்ந்தது. மூன்று முறை.

நிமிர்ந்தபோது பிருந்தா நடையில் நின்றிருந்தாள். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை. அவளுக்குக் கேட்டிருக்கிறது என்று பார்த்ததும் தெரிந்தது. அவள் உதடு அசைந்தது. அப்பாவா, அம்மாவா? அவள் உதட்டிலும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நான் என் மூக்கைத் தொட்டுக் காட்டிக் கேட்டேன். அவளுக்குப் பட்டறை வழக்கம் தெரியாது. ஆனால் பயிற்சி தெரியும். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பழைய நோட்டுகளைக் கேட்டாள். மூன்றையும் எடுத்துக் கொடுத்தேன். ரிதுவை மடியில் வைத்துக்கொண்டு, விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். முதல் குறிப்பு மார்ச் 6. ‘மாலை 6.20. வாசலைப் பார்த்து அப்பா என்றாள்.’ அடுத்தது மார்ச் 7, 6.20. பிறகு ஒவ்வொரு நாளும்.

தலையைத் தூக்கி, எனக்குத் தெரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

"அவரு காலையில விட்டுட்டுப் போறவருங்க. சாயங்காலம் ஆறு இருவதுக்கு என்னைக்குமே வர்றது நாந்தானேக்கா."

நேரத்தை நிமிடக் கணக்காக எழுதினேன். அந்த நேரத்துக்கு யார் வருகிறார்கள் என்று யோசிக்கவில்லை. எட்டு மாதம், இந்தப் பெண்ணின் குழந்தை இவளைத் தேடுவதில்லை என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"மன்னிச்சுக்க கண்ணு" என்றேன். அவள் ஏதோ சொன்னாள். குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னதால் தெரியவில்லை. மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்கவும் இல்லை. எழுந்து போகும்போது, "காலையில எட்டு பத்துக்கு விடச் சொல்றேன்" என்றாள். அது நன்றாகத் தெரிந்தது.

மன்ற நோட்டில் இன்றைய வரியை அடித்துவிட்டு, கீழே இதை எழுதினேன்:

‘ரிதன்யா, மாலை 6.20. சத்தமாக "அம்மா" என்றாள். மார்ச் 6 முதல் இந்த நோட்டிலும் முந்தைய நோட்டுகளிலும் அப்பா என்று உள்ள இடங்களில் எல்லாம் அம்மா என்று திருத்திப் படிக்கவும். பிழை, எழுதியவர் காதில்.’